சுவிட்ச்சில் விஆர்எஃப், ஓஎஸ்பிஎஃப், பிஜிபி: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் மருத்துவமனை, கல்லூரி, மில், ஐடி கட்டடம் என்று நெட்வொர்க் பார்க்கிறவர்கள் லேயர் 3 சுவிட்ச்சில் (ஐபி பார்த்து வழி அனுப்பும் சுவிட்ச்) விஆர்எஃப் (ஒரே பெட்டிக்குள் பல தனி ரூட்டிங் டேபிள்) போடத் தொடங்கும்போது கேட்கிற கேள்விகள் இவை. ஓஎஸ்பிஎஃபும் பிஜிபியும் பெட்டிகள் தங்களுக்குள் வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் ரூட்டிங் நெறிமுறைகள். கட்டளைகளை நாம் வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். சுவிட்ச்சில் தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

விளக்கத்துக்கு ஒரு கற்பனை மருத்துவமனையை வைத்துக்கொள்வோம். அண்ணா நகரில் பெரிய கட்டடம், காளவாசலில் ஸ்கேன் சென்டர், மேலூரில் புதிதாக வாங்கிச் சேர்த்த ஒரு சிறிய கிளினிக். நோயாளி பதிவும் ஸ்கேன் படங்களும் ஓடுவது 'மெடிக்கல்', வார்டில் உறவினர்கள் பயன்படுத்தும் வைஃபை 'கெஸ்ட்', கேமராக்களுக்கு 'சிசிடிவி'. இந்த மூன்று பெயர்களும் கீழே அடிக்கடி வரும்.

விலான் பிரித்தாலே போதாதா? விஆர்எஃப் கூடுதலாக என்ன செய்கிறது?

விலான் (ஒரே சுவிட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) பிரிப்பது லேயர் 2-ல், அதாவது ஐபி பார்க்காத மட்டத்தில், மட்டும். லேயர் 3 சுவிட்ச்சில் இரண்டு விலானுக்கும் ஐபி கொடுத்து 'ஐபி ரூட்டிங்' போட்ட உடனே இரண்டும் ஒன்றோடு ஒன்று பேசத் தொடங்கிவிடும். சுவிட்ச்சுக்குள் இருப்பது ஒரே ரூட்டிங் டேபிள்; இரண்டு விலானின் சப்நெட்டும் அதில் நேரடி இணைப்பாக உட்கார்ந்திருக்கும். கெஸ்ட் வைஃபையில் இருக்கிற போனிலிருந்து ஸ்கேன் சர்வருக்கு பாக்கெட் போனால் சுவிட்ச் அதைத் தாராளமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். தடுக்க ஏசிஎல் (எது போகலாம், எது கூடாது என்ற பட்டியல்) எழுத வேண்டும். நாளைக்கு இன்னொரு விலான் வந்தால் எல்லா ஏசிஎல்லையும் மறுபடி திருத்த வேண்டும். ஒன்றை மறந்தால் அந்த இடத்தில் கதவு திறந்தே கிடக்கும்.

விஆர்எஃப் ரூட்டிங் டேபிளையே பிரித்துவிடுகிறது. மெடிக்கலுக்கு ஒரு டேபிள், கெஸ்ட்டுக்கு ஒன்று, சிசிடிவிக்கு ஒன்று. கெஸ்ட் டேபிளில் ஸ்கேன் சர்வருக்கு வழியே இல்லை என்பதால் பாக்கெட் அங்கேயே விழுந்துவிடும். மறந்துபோக ஏசிஎல் எதுவும் இல்லை. நம்ம ஊர் வளவு வீடுகள் மாதிரிதான்: வாசலும் நடையும் எல்லாருக்கும் பொது, ஒவ்வொரு குடித்தனத்துக்கும் அடுப்பும் கணக்கும் தனி. சுவிட்ச்சின் சிப்பும் கேபிளும் பொது. டேபிள், டீஃபால்ட் ரூட், ரூட்டிங் நெறிமுறை எல்லாம் தனித்தனி.

ஒவ்வொரு விஆர்எஃபையும் ஒரு தனி ரூட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புது ரூட்டர் வாங்கி வைத்தால் அதற்கு என்னென்ன செய்வீர்களோ அத்தனையும் ஒவ்வொரு விஆர்எஃபுக்கும் செய்ய வேண்டும். நான் பார்க்கிற தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் வருகின்றன: ஒரு விஆர்எஃபுக்குக் கொடுத்ததை இன்னொன்றுக்குக் கொடுக்காமல் விட்டிருப்பார்கள்.

எங்கள் நெட்வொர்க்குக்கு இது வேண்டுமா?

ஒரே கட்டடம், நான்கு விலான், எல்லா விலானுக்கும் கேட்வே ஃபயர்வாலிலேயே இருக்கிறது என்றால் வேண்டாம். ஃபயர்வாலே பிரித்துவிடும்.

கீழே சொல்கிற நிலைமைகளில் வேண்டும். முதலாவது, ஐபி மோதல். மேலூர் கிளினிக்கை வாங்கினோம்; அவர்களிடமும் 192.168.1.0/24, அண்ணா நகரில் கேமராக்களுக்கும் 192.168.1.0/24. ஒரே டேபிளில் இரண்டையும் வைக்க முடியாது. வேறு வேறு விஆர்எஃபில் வைத்தால் இரண்டும் நிம்மதியாக இருக்கும். வடபழஞ்சியிலோ இலந்தைக்குளத்திலோ ஒரே ஐடி கட்டடத்துக்குள் பல வாடிக்கையாளர்களின் நெட்வொர்க்கைச் சுமக்கிறவர்களுக்கும் இதே கதைதான். அவர்களில் எவரிடமும் போய் ஐபியை மாற்றச் சொல்ல முடியாது.

இரண்டாவது, கேட்வே சுவிட்ச்சில்தான் இருக்க வேண்டும், ஆனால் பிரிவுகளுக்கு இடையே போகிற எல்லாம் ஃபயர்வால் வழியாகத்தான் போக வேண்டும் என்கிற கட்டாயம். ஸ்கேன் படங்கள் பெரியவை. மெடிக்கலுக்குள் ஓடுகிறவை எல்லாம் ஃபயர்வாலைத் தொட்டுத் திரும்பினால் அந்தப் பெட்டி திணறும். மெடிக்கலுக்குள் சுவிட்ச்சின் வேகத்தில் ஓடட்டும், கெஸ்ட்டுக்கும் மெடிக்கலுக்கும் இடையே மட்டும் ஃபயர்வால் நிற்கட்டும் என்றால் விஆர்எஃப்தான் வழி. கப்பலூர் தொழிற்பேட்டை மாதிரி இடங்களில் இயந்திரங்களின் நெட்வொர்க்கை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரிக்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

மேனேஜ்மென்ட்டைப் பிரிப்பது இன்னொரு காரணம். அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

எங்களிடம் இருக்கிற சுவிட்ச்சில் வருமா?

லேயர் 2 சுவிட்ச்சில் வராது. லேயர் 3 என்று அட்டையில் போட்டிருந்தாலும் லைசென்ஸைப் பாருங்கள். வெறும் ஸ்டாட்டிக் ரூட் மட்டும் தருகிற மாடல்கள் நிறைய உண்டு.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய கேட்டலிஸ்ட் 3560, 3750 இன்னும் பல கல்லூரிகளில் ஓடுகின்றன. அவற்றில் 26 விஆர்எஃப் வரை போடலாம், ஐபி சர்வீசஸ் லைசென்ஸ் இருந்தால். ஆனால் ரூட்டுகளுக்கான டிகேம் (சிப்பில் உள்ள வேகமான நினைவகம்) இடம் சிறியது. அந்த இடத்தை எப்படிப் பங்கிடுவது என்பதை எஸ்டிஎம் டெம்ப்ளேட் தீர்மானிக்கிறது. ரூட்டிங் வேலை அதிகம் என்றால் 'எஸ்டிஎம் ப்ரிஃபர் ரூட்டிங்' போட்டு ரீலோட் செய்ய வேண்டும். எல்லா விஆர்எஃபின் ரூட்டுகளும் அதே டிகேமைத்தான் பங்குபோடுகின்றன, ஆகவே இன்டர்நெட் ரூட் டேபிளை எல்லாம் அதில் இறக்காதீர்கள்.

ஒரே சங்கதிக்குக் கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் 'விஆர்எஃப் டெஃபினிஷன்', நெக்ஸஸில் 'விஆர்எஃப் கான்டெக்ஸ்ட்', அரிஸ்டாவில் 'விஆர்எஃப் இன்ஸ்டன்ஸ்', ஜூனிப்பரில் 'ரூட்டிங் இன்ஸ்டன்சஸ்'. ஜூனிப்பரில் ரகமும் கேட்கும்; சுவிட்ச்சிலேயே எம்பிஎல்எஸ் (சேவை நிறுவனங்கள் பல கிளைகளை இணைக்கும் முறை) ஓட்டாத நம் மாதிரி இடங்களுக்கு 'வர்ச்சுவல் ரூட்டர்' என்ற ரகம் போதும்.

முதல் தடவை போடும்போது எந்த வரிசையில் போட வேண்டும்?

இதை நிதானமாகப் படியுங்கள். தொலைவிலிருந்து வேலை செய்து பூட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இன்டர்ஃபேஸை விஆர்எஃபுக்குள் கொண்டுபோகிற கட்டளையைப் போட்டவுடன் அந்த இன்டர்ஃபேஸில் இருந்த ஐபி அழிந்துவிடும். சிஸ்கோ ஐஓஎஸ், நெக்ஸஸ், அரிஸ்டா மூன்றிலும் இப்படித்தான். பழைய டேபிளில் இருந்த முகவரி புதிய டேபிளுக்குத் தானாக மாறாது. நீங்கள்தான் மறுபடி கொடுக்க வேண்டும். நீங்கள் எஸ்எஸ்எச்சில் வந்திருக்கிற இன்டர்ஃபேஸே அதுவென்றால், அந்த ஒரு வரியோடு உங்கள் இணைப்பு போய்விடும். அண்ணா நகரில் உட்கார்ந்து மேலூர் சுவிட்ச்சை மாற்றுகிறவர் பைக் எடுக்க வேண்டியதுதான்.

ஆகவே முதலில் விஆர்எஃபை உருவாக்குங்கள். சிஸ்கோவின் புதிய முறையில் அதற்குள் 'அட்ரஸ் ஃபேமிலி ஐபிவி4' வரியையும் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால் இன்டர்ஃபேஸில் ஐபி கொடுக்கும்போது மறுத்துவிடும். அரிஸ்டாவில் 'ஐபி ரூட்டிங் விஆர்எஃப்' என்று அந்தப் பெயருக்குத் தனியாக ரூட்டிங்கை இயக்க வேண்டும். விஆர்எஃப் இருக்கும், ஐபி இருக்கும், பாக்கெட் மட்டும் நகராது என்றால் இதைத்தான் முதலில் பாருங்கள். அப்புறம் யாரும் பயன்படுத்தாத ஒரு சோதனை விலானை உள்ளே போட்டு ஐபி கொடுத்து, 'பிங் விஆர்எஃப்' அடித்துப் பாருங்கள். அது சரியாக இருந்தால் சிசிடிவி, அப்புறம் கெஸ்ட். மெடிக்கலைக் கடைசியில் தொடுங்கள். மாற்றும் முன்பே ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் விஆர்எஃப் வரி, ஐபி வரி, ஹெல்ப்பர் வரி (ஐபி தரும் டிஎச்சிபி சர்வரைக் காட்டுவது) மூன்றையும் சேர்த்து நோட்பேடில் எழுதி வைத்து, ஒரே ஒட்டாக ஒட்டுங்கள்.

பாதுகாப்புக் கயிறு: சிஸ்கோவில் 'ரீலோட் இன் 10' போட்டுவிட்டுத் தொடங்குங்கள், இடையில் சேவ் செய்யாதீர்கள். பூட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் சுவிட்ச் பழைய கட்டமைப்போடு எழுந்து வரும். வேலை முடிந்தால் 'ரீலோட் கேன்சல்', பிறகு சேவ். ஜூனிப்பரில் 'கமிட் கன்ஃபர்ம்டு' இதைவிட நேர்த்தி. ரீபூட் இல்லாமலே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ரூட் டிஸ்டிங்குவிஷர், ரூட் டார்கெட் எல்லாம் கொடுக்க வேண்டுமா?

முதலாவது, ஒரே முகவரி இரண்டு விஆர்எஃபில் இருந்தால் வேறுபடுத்தும் எண்; இரண்டாவது, எந்த ரூட் எந்த விஆர்எஃபுக்குப் போகலாம் என்ற குறி. எம்பிஎல்எஸ் விபிஎன்னோ விஆர்எஃபுகளுக்கு இடையே பிஜிபி வழியாக ரூட் பரிமாற்றமோ இல்லையென்றால் அவற்றுக்கு வேலை இல்லை. பழைய 'ஐபி விஆர்எஃப்' முறையில் ரூட் டிஸ்டிங்குவிஷர் இல்லாமல் விஆர்எஃப் உயிர் பெறாது என்பதால் பலர் பழக்கத்தில் கொடுக்கிறார்கள். கொடுத்தாலும் கெடுதல் இல்லை.

இரண்டு சுவிட்ச்சுக்கு இடையே மூன்று விஆர்எஃப் போக மூன்று ஃபைபர் இழுக்க வேண்டுமா?

வேண்டாம். ஒரே டிரங்க் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு) போதும். ஒவ்வொரு விஆர்எஃபுக்கும் ஒரு டிரான்சிட் விலான் ஒதுக்குங்கள்: மெடிக்கலுக்கு 901, கெஸ்ட்டுக்கு 902, சிசிடிவிக்கு 903 என்பதுபோல. இரு முனையிலும் அந்த விலானின் எஸ்விஐயை (சுவிட்ச்சில் அந்த விலானுக்கான ஐபி இன்டர்ஃபேஸ்) அதற்குரிய விஆர்எஃபில் போட்டு, /30 அல்லது /31 முகவரி கொடுங்கள். /31-ஐ 2000-ல் வந்த ஆர்எஃப்சி 3021 அனுமதிக்கிறது. மிகப் பழைய பெட்டிகள் மட்டும் அதை ஏற்காது.

விலான் எண்ணுக்கும் விஆர்எஃபுக்கும் உள்ள பொருத்தத்தை எல்லாக் கட்டடத்திலும் ஒரே மாதிரி வையுங்கள். காளவாசலில் 902 கெஸ்ட்டாகவும் மேலூரில் 902 மெடிக்கலாகவும் இருந்தால், என்றாவது ஒரு நாள் யாரோ டிரங்க்கை இணைப்பார்கள், இரண்டு உலகமும் கலந்துவிடும். சுவிட்ச் எச்சரிக்காது. விஆர்எஃப் பெயர் அந்தந்தப் பெட்டிக்குள் மட்டும் செல்லுபடியாகும். கேபிளில் போவது விலான் எண் மட்டும்தான்.

ஸ்டாட்டிக் ரூட் போதாதா? எப்போது ஓஎஸ்பிஎஃப், எப்போது பிஜிபி?

ஒரே வழி உள்ள கிளைக்கு ஸ்டாட்டிக் போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது வழி வந்த நாளில் டைனமிக் ரூட்டிங் வேண்டும். மூன்று விஆர்எஃப், மூன்று இடம் என்றாலே ஸ்டாட்டிக் வரிகள் பெருகி, எது எதற்கு என்று தெரியாமல் போகும்.

நம் கைக்குள் இருக்கிற கட்டடங்களுக்கு இடையே ஓஎஸ்பிஎஃப். இணையச் சேவை நிறுவனம், எம்பிஎல்எஸ் இணைப்பு, இன்னொரு நிர்வாகத்தின் நெட்வொர்க் என்றால் பிஜிபி. வெளியார் அனுப்பும் ரூட்டை வடிகட்ட பிஜிபியில் இருக்கிற வசதி ஓஎஸ்பிஎஃபில் கிடையாது. ஓஎஸ்பிஎஃபில் ஒரு ஏரியாவுக்குள் (ரூட்டர்களின் ஒரு குழுவுக்குள்) எல்லாரிடமும் ஒரே டேட்டாபேஸ் இருந்தாக வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படையே.

ஒவ்வொரு விஆர்எஃபுக்கும் ஓஎஸ்பிஎஃப் தனியாகவா?

ஆம். சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் 'ரூட்டர் ஓஎஸ்பிஎஃப் 11 விஆர்எஃப் மெடிக்கல்', 'ரூட்டர் ஓஎஸ்பிஎஃப் 12 விஆர்எஃப் கெஸ்ட்' என்று விஆர்எஃபுக்கு ஒரு ப்ராசஸ். ஜூனிப்பரில் ரூட்டிங் இன்ஸ்டன்சுக்கு உள்ளேயே ஓஎஸ்பிஎஃப் வரிகள் போகும்.

ரூட்டர் ஐடியைக் கையால் கொடுங்கள். தானாக எடுக்க விட்டால் அந்த விஆர்எஃபில் உள்ள லூப்பேக்கையோ பெரிய ஐபியையோ எடுக்கும். ஒரு விஆர்எஃபில் ஐபி உள்ள இன்டர்ஃபேஸ் எதுவும் அப்பாக இல்லையென்றால் ப்ராசஸ் தொடங்கவே தொடங்காது. ஒரே விஆர்எஃபில் இரண்டு சுவிட்ச்சுக்கு ஒரே ரூட்டர் ஐடி இருந்தால், ரூட்டுகள் வந்து வந்து போகும் விசித்திரமான நோய் வரும். பழைய சுவிட்ச்சின் கட்டமைப்பை அப்படியே காப்பி எடுத்துப் புதியதில் ஒட்டும் இடங்களில் இதை நிறையப் பார்க்கலாம்.

எல்லா இன்டர்ஃபேஸையும் பேசிவ் (ஹலோ அனுப்பாத நிலை) ஆக்கிவிட்டு, டிரான்சிட் எஸ்விஐக்களை மட்டும் திறந்துவிடுங்கள். கெஸ்ட் வைஃபை பக்கம் ஹலோ பாக்கெட் (ஓஎஸ்பிஎஃப் நெய்பரைத் தேடும் செய்தி) போகவே கூடாது. அங்கே ஒருவர் லேப்டாப்பில் ஓஎஸ்பிஎஃப் ஓட்டி உங்கள் நெய்பராக வந்து உட்கார இடம் கொடுத்ததாகிவிடும். டிரான்சிட்டில் ஆத்தென்டிகேஷனும் போடுங்கள்.

டிரான்சிட்டில் இருப்பது இரண்டே சுவிட்ச் என்பதால் நெட்வொர்க் ரகத்தை 'பாயின்ட் டு பாயின்ட்' ஆக்குங்கள், இரு முனையிலும். டிஆர், பிடிஆர் (செக்மென்ட்டின் தலைவர், மாற்றுத் தலைவர்) தேர்தலுக்கு அங்கே வேலையே இல்லை.

ரெஃபரன்ஸ் பேண்ட்விட்த்தை (வழியின் காஸ்ட்டைக் கணக்கிடும் அடிப்படை வேகம்) மறக்காதீர்கள். ஐஓஎஸ்ஸிலும் ஜூனிப்பரிலும் இயல்பு மதிப்பு 100 எம்பிபிஎஸ். அதனால் 100 எம்பிபிஎஸ், 1 ஜிபிபிஎஸ், 10 ஜிபிபிஎஸ் மூன்றுக்குமே காஸ்ட் 1 என்று வரும். வேகமான ஃபைபரும் பழைய லிங்க்கும் ஒன்றுபோல் தெரியும். நெக்ஸஸில் இயல்பு 40 ஜிபிபிஎஸ். இரண்டையும் கலந்து வைத்திருப்பவர்கள் எல்லாப் பெட்டியிலும், எல்லா விஆர்எஃப் ப்ராசஸிலும் ஒரே மதிப்பைக் கையால் போடுங்கள்.

நெய்பர் ஃபுல் நிலைக்கு வரவில்லை. எங்கே தேடுவது?

ஃபுல் என்றால் இரு சுவிட்ச்சும் டேட்டாபேஸை முழுதாகப் பரிமாறிவிட்டன. அதற்கு முன் எந்த நிலையில் நிற்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

நெய்பர் பட்டியலிலேயே இல்லையா? முதலில் சரியான விஆர்எஃபில்தான் பார்க்கிறீர்களா என்று பாருங்கள். அடுத்து 'பிங் விஆர்எஃப் மெடிக்கல்' போட்டு எதிர்முனையைப் பிங் செய்யுங்கள். பிங் வரவில்லை என்றால் ஓஎஸ்பிஎஃபை விடுங்கள். டிரங்க்கில் அந்த விலான் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா, எஸ்விஐ அப்பாக இருக்கிறதா, எதிர்முனையில் எஸ்விஐ வேறு விஆர்எஃபில் இருக்கிறதா என்று பாருங்கள். பிங் வருகிறது, நெய்பர் இல்லை என்றால் ஏரியா எண், ஹலோ மற்றும் டெட் நேரம், சப்நெட் மாஸ்க், ஆத்தென்டிகேஷன், ஸ்டப் கொடி ஆகியவற்றில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை. அல்லது இன்டர்ஃபேஸ் இன்னும் பேசிவாகவே இருக்கிறது.

இனிட் நிலையில் நிற்கிறதா? அவர்களுடைய ஹலோ நமக்கு வருகிறது, நம்முடையது அவர்களுக்குப் போகவில்லை. ஓஎஸ்பிஎஃப் 224.0.0.5 என்ற மல்ட்டிகாஸ்ட் முகவரியில் ஐபி புரோட்டோகால் 89-ஆகப் போகிறது. டிசிபியும் யுடிபியும் மட்டும் அனுமதிக்கும் ஏசிஎல் நடுவே இருந்தால் இதைக் கொன்றுவிடும். நடுவில் வயர்லெஸ் பிரிட்ஜ் இருந்தால் அது மல்ட்டிகாஸ்ட்டை விடுகிறதா என்றும் பாருங்கள்.

எக்ஸ்ஸ்டார்ட்டிலோ எக்ஸ்சேஞ்சிலோ ஆடிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பொருந்தவில்லை. ஒரு பக்கம் 1500, மறுபக்கம் 9000-க்கு மேல். சர்வர் ஸ்டோரேஜுக்காக யாரோ ஜம்போ ஃப்ரேம் போட்டிருப்பார்கள். 'எம்டியு இக்னோர்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைப் போட்டால் நெய்பர் ஃபுல் ஆகும், ஆனால் பெரிய பாக்கெட்டுகள் தொலையும், ஸ்கேன் படம் பாதியில் நிற்கும். எம்டியுவைச் சமமாக்குவதுதான் சரியான மருந்து.

டூவே நிலையில் நின்றால், அந்தச் செக்மென்ட்டில் மூன்று நான்கு சுவிட்ச் இருந்து, இரண்டு பேருமே டிஆரோ பிடிஆரோ இல்லையென்றால் அது இயல்பு. விட்டுவிடுங்கள்.

ஃபுல் ஆகிவிட்டது, ஆனாலும் ரூட் வரவில்லையா? ஒரு முனை பாயின்ட் டு பாயின்ட், மறுமுனை பிராட்காஸ்ட் என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டு ரகத்துக்கும் ஹலோ 10, டெட் 40 நொடிதான் என்பதால் நெய்பர் ஃபுல் என்றே காட்டும். டேட்டாபேஸில் ஒருவர் சொல்லும் லிங்க் மற்றவர் சொல்வதோடு ஒட்டாது, எனவே கணக்கில் ரூட் விழாது.

டேட்டாபேஸில் எல்எஸ்ஏ (ஓஎஸ்பிஎஃப் ரூட் அறிவிப்பு) தெரிகிறது, விஆர்எஃபின் ரூட்டிங் டேபிளில் மட்டும் இல்லை. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?

எம்பிஎல்எஸ் சேவை நிறுவனத்தோடு ஓஎஸ்பிஎஃப் பேசுகிற இடத்தில் இது வரும். பலரை அலைக்கழிக்கிற சிக்கல் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

சேவை நிறுவனத்தின் ரூட்டர் உங்கள் இன்னொரு கிளையின் ரூட்டை பிஜிபியிலிருந்து எடுத்து ஓஎஸ்பிஎஃபில் போடும்போது அதில் டிஎன் பிட் என்ற ஒரு கொடியை நட்டு அனுப்புகிறது. 'இது ஏற்கெனவே எம்பிஎல்எஸ் முதுகெலும்பிலிருந்து வந்தது, திரும்ப அங்கே ஏற்றாதே' என்பது அதன் பொருள். லூப் வராமல் காக்கும் நல்ல ஏற்பாடு. 2006-ல் வந்த ஆர்எஃப்சி 4577 இதை விவரிக்கிறது.

சிஸ்கோ ஐஓஎஸ், விஆர்எஃபுக்குள் ஓடுகிற எந்த ஓஎஸ்பிஎஃப் ப்ராசஸையும் சேவை நிறுவனத்தின் விளிம்பு ரூட்டராகவே கருதுகிறது. நம்முடையது வெறும் வாடிக்கையாளர் சுவிட்ச் என்பது அதற்குத் தெரியாது. டிஎன் பிட் உள்ள எல்எஸ்ஏவைக் கண்டதும் டேட்டாபேஸில் வைத்துக்கொள்ளும், ரூட் கணக்கில் சேர்க்காது. 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப்' போட்டால் எம்பிஎல்எஸ் விபிஎன் சூப்பர்பேக்போனோடு இணைந்திருப்பதாக ஒரு வரி தெரியும், அதுதான் தடயம்.

தீர்வு ஒரு வரி: அந்த ப்ராசஸுக்குள் 'கேப்பபிலிட்டி விஆர்எஃப் லைட்'. போட்டவுடன் அந்தச் சோதனை நின்று ரூட் இறங்கும். ஆனால் அதே சுவிட்ச் சேவை நிறுவனத்தோடு இரண்டு இடத்தில் இணைந்து, ஓஎஸ்பிஎஃபையும் பிஜிபியையும் இரு பக்கமும் ரீடிஸ்ட்ரிபியூட் (ஒன்றின் ரூட்டை மற்றொன்றில் ஏற்றுவது) செய்கிறது என்றால் இந்த வரியைப் போடும் முன் யோசியுங்கள். லூப்பைத் தடுத்த காவலை எடுத்துவிடுகிறீர்கள்; அதற்குப் பதில் ரூட் டேக் வைத்து நீங்களே வடிகட்ட வேண்டும்.

பிஜிபி நெய்பர் எஸ்டாப்ளிஷ்டு, ஆனால் கிளைகளின் ரூட் வரவில்லை?

இரண்டு காரணங்களைப் பாருங்கள். எல்லாக் கிளைக்கும் ஒரே தனியார் ஏஎஸ் எண் (பிஜிபியில் ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்), உதாரணமாக 65010, கொடுத்திருப்பார்கள். மேலூரின் ரூட் சேவை நிறுவனம் வழியாகக் காளவாசலுக்கு வரும்போது பாதையில் 65010 இருக்கும். 'என் எண்ணே இதில் இருக்கிறதே, இது லூப்' என்று காளவாசல் அதைத் தள்ளிவிடும். சேவை நிறுவனம் 'ஏஎஸ் ஓவர்ரைடு' போட வேண்டும், அல்லது நீங்கள் 'அலோஏஎஸ் இன்' போட வேண்டும். இன்னும் நல்லது கிளைக்கு ஒரு எண் கொடுப்பது. 64512 முதல் 65534 வரை தாராளமாக இருக்கிறது.

எஃப்ஆர்ஆர் என்ற ரூட்டிங் மென்பொருள் ஓட்டுகிறவர்களுக்கு வருவது வேறு. வெளி ஏஎஸ்ஸோடு பேசும்போது உள்வரவு, வெளிச்செலவு இரண்டுக்கும் பாலிசி எழுதாவிட்டால் அது எந்த ரூட்டையும் ஏற்காது, அனுப்பாது. 2017-ல் வந்த ஆர்எஃப்சி 8212 சொல்வது அதுதான். சோதனைக் கூடத்தில் அந்தக் கட்டுப்பாட்டை அணைக்கலாம். உண்மையான இணைப்பில் பாலிசி எழுதுங்கள்.

மெடிக்கலிலிருந்து சிசிடிவி சர்வரைப் பார்க்க வேண்டும். ரூட் லீக் செய்யலாமா?

ரூட் லீக் என்பது ஒரு விஆர்எஃபின் ரூட்டை இன்னொன்றுக்குக் கொடுப்பது. செய்யலாம், ஆனால் முதலில் ஃபயர்வாலை நினையுங்கள். ஒவ்வொரு விஆர்எஃபின் டீஃபால்ட் ரூட்டையும் ஃபயர்வாலின் ஒரு சப் இன்டர்ஃபேஸுக்கு விட்டால், விஆர்எஃபுகளுக்கு இடையிலான போக்குவரத்து தானாக அங்கே போய்த் திரும்பும். யார் யாரைப் பார்க்கலாம் என்ற விதி ஒரே இடத்தில் இருக்கும், லாக் கிடைக்கும்.

சுவிட்ச்சிலேயே ரூட் டார்கெட் இம்போர்ட் எக்ஸ்போர்ட் வைத்து லீக் செய்தால் வேகம் கிடைக்கும், விதி இருக்காது. ஒரு சப்நெட்டுக்கு வழி திறந்தால் அதன் எல்லாப் போர்ட்டும் திறந்ததுதான். பிரிண்டர், டிஎன்எஸ் மாதிரி எல்லாருக்கும் பொதுவான சேவைகளை ஒரு தனி விஆர்எஃபில் வைத்து, அதை மட்டும் மற்றவற்றோடு லீக் செய்வது எனக்குப் பிடித்த முறை. இரு பக்கமும் லீக் செய்ய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். போகிற வழி இருந்து திரும்புகிற வழி இல்லையென்றால் பிங் வராது. மேலூர் மாதிரி ஐபி மோதுகிற இடத்தில் லீக் பலிக்காது. அங்கே ஃபயர்வாலில் நாட் (முகவரி மாற்றம்) போட்டாக வேண்டும், அந்த ஃபயர்வாலுக்கும் விஆர்எஃப் தெரிந்திருக்க வேண்டும்.

விஆர்எஃப் போட்டதிலிருந்து டிஎச்சிபி, என்டிபி, சிஸ்லாக் எதுவும் வேலை செய்யவில்லை. ஏன்?

டிஎச்சிபி தவிர மற்றவை (நேரம் தரும் என்டிபி, லாக் அனுப்பும் சிஸ்லாக்) இன்னும் குளோபல் டேபிளில் (எந்த விஆர்எஃபிலும் சேராத பொது டேபிள்) வழி தேடிக்கொண்டிருக்கின்றன. என்டிபி சர்வர், லாகிங் ஹோஸ்ட், எஸ்என்எம்பி ஹோஸ்ட் ஒவ்வொரு வரியிலும் எந்த விஆர்எஃப் என்று சொல்ல வேண்டும். டாக்காக்ஸுக்கு (லாகின் சரிபார்க்கும் சேவை) சர்வர் குரூப்புக்குள் சொல்ல வேண்டும்.

டிஎச்சிபி ஹெல்ப்பர், இன்டர்ஃபேஸ் எந்த விஆர்எஃபில் இருக்கிறதோ அதிலேயே சர்வரைத் தேடும். சர்வர் வேறு விஆர்எஃபில் என்றால் ஹெல்ப்பர் வரியில் அந்தப் பெயரைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மட்டும் போதாது. சர்வரின் பதில் உங்கள் கெஸ்ட் கேட்வே முகவரிக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும். கெஸ்ட்டுக்கு மட்டும் சுவிட்ச்சிலேயே டிஎச்சிபி பூல் வைத்துவிடுவது பல இடங்களில் எளிது.

மேனேஜ்மென்ட்டுக்குத் தனி விஆர்எஃப் அவசியமா?

அவசியம் என்பேன். யூசர் நெட்வொர்க்கில் ரூட்டிங் குழம்பினாலும் நீங்கள் சுவிட்ச்சுக்குள் போக முடிய வேண்டும். ஆனால் சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் விடிஒய் லைனில் (தொலைவிலிருந்து உள்ளே வரும் வழி) ஆக்சஸ் கிளாஸ் (அதற்கான ஏசிஎல்) வைத்திருந்தால், அதன் இறுதியில் 'விஆர்எஃப் ஆல்சோ' சேர்க்காவிட்டால் விஆர்எஃப் வழியாக வரும் எஸ்எஸ்எச்சை மறுத்துவிடும். பிங் வருகிறது, எஸ்எஸ்எச் மட்டும் மறுக்கிறது என்றால் இதுதான்.

லிங்க் அறுந்தால் மாற்று வழிக்கு எத்தனை நொடியில் மாறும்?

கேபிள் நேரடியாக சுவிட்ச் போர்ட்டில் இருந்து, அறுந்தவுடன் போர்ட் டவுன் ஆனால் நொடிக்குள் மாறிவிடும். நம் ஊரில் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. நடுவில் மீடியா கன்வர்ட்டர் அல்லது சேவை நிறுவனத்தின் பெட்டி இருக்கும். அப்பால் அறுந்தாலும் நம் போர்ட்டில் பச்சை விளக்கு எரியும். டெட் நேரம் 40 நொடி முடியும்வரை ஓஎஸ்பிஎஃப் அந்த வழியையே நம்பும். பிஜிபி என்றால் சிஸ்கோவின் இயல்பில் 180 நொடி. இன்னொன்று: எஸ்விஐ டிரான்சிட்டில் அந்த விலான் வேறு ஏதாவது டிரங்க்கிலும் அனுமதிக்கப்பட்டிருந்தால், லிங்க் போனாலும் எஸ்விஐ அப்பாகவே நிற்கும். டிரங்க்கில் அனுமதிப் பட்டியலை இறுக்கமாக வையுங்கள்.

பிஎஃப்டிதான் (எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று விடாமல் சோதிக்கும் நெறிமுறை) நல்ல தீர்வு. 300 மில்லிசெகண்ட், மூன்று தடவை என்று வைத்தால் ஒரு நொடிக்குள் தெரிந்துவிடும். விஆர்எஃபுக்கு ஒரு பிஎஃப்டி செஷன் ஓடும். சிபியு பலவீனமான பழைய சுவிட்ச்சில் மூன்று விஆர்எஃப் மூன்று லிங்க் என்றால் நேரத்தைச் சற்றுத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் அதுவே லிங்க்கைத் தேவையில்லாமல் தட்டிவிடும்.

இதைவிட முக்கியம் ஃபைபர் போகிற பாதை. அண்ணா நகர் வைகைக்கு வடக்கே, காளவாசல் தெற்கே. இரண்டு நிறுவனத்திடம் இரண்டு லிங்க் வாங்கி, இரண்டும் ஒரே பாலத்தைக் கடந்து போனால், ஒரு பள்ளம் தோண்டினால் இரண்டும் போகும். எந்த நெறிமுறையாலும் அதைக் காப்பாற்ற முடியாது. ஒப்பந்தம் போடும் முன் எந்தப் பாலம், எந்தச் சாலை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எங்கே பழகுவது? எங்களிடம் உபரி சுவிட்ச் இல்லை.

ஒரு பழைய கணினியும் லினக்ஸும் போதும். லினக்ஸ் கெர்னலில் 2015-ல் வந்த 4.3 பதிப்பிலிருந்து விஆர்எஃப் இருக்கிறது. எஃப்ஆர்ஆர் போட்டால் ஓஎஸ்பிஎஃபும் பிஜிபியும் விஆர்எஃபுக்குள் ஓடும். கட்டளைகள் சிஸ்கோ சாயலில் இருக்கும். ஜிஎன்எஸ்3, ஈவ் என்ஜி, கன்டெய்னர்லேப் என்ற சோதனைக்கூட மென்பொருள்கள் எதிலும் மேலே சொன்ன மருத்துவமனையை மூன்று சுவிட்ச்சாகக் கட்டிப் பாருங்கள்.

லினக்ஸில் ஒன்றைக் கவனியுங்கள். விஆர்எஃப் டேபிளில் வழி கிடைக்காவிட்டால் தேடல் மெயின் டேபிளுக்கு நழுவிவிடும். ஒவ்வொரு விஆர்எஃப் டேபிளிலும் பெரிய மெட்ரிக்கோடு 'அன்ரீச்சபிள் டீஃபால்ட்' ஒன்று போட்டு அடைத்துவிடுங்கள்.

ஐபிவி6 போட்டால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டுமா?

விஆர்எஃப் அதேதான், 'அட்ரஸ் ஃபேமிலி ஐபிவி6' என்ற வரி மட்டும் கூடும். ஓஎஸ்பிஎஃபுக்குப் பதிப்பு 3 வேண்டும். பழைய 'ஐபி விஆர்எஃப்' முறையில் இருப்பவர்கள் முதலில் 'விஆர்எஃப் டெஃபினிஷன்' முறைக்கு மாற வேண்டும். சிஸ்கோவில் அதற்கென்றே 'விஆர்எஃப் அப்கிரேடு சிஎல்ஐ' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதை அடிக்கும் முன் கட்டமைப்பின் நகல் ஒன்றை சுவிட்ச்சுக்கு வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.